புல்லட் ஃபிரேமில் டீசல் என்ஜின்: கட்டிமுடித்து ஓட்டுவது வரை

டீசலில் ஓடும் பைக் என்றால் பலர் நம்புவதில்லை. ஆனால் அதைத் தொழிற்சாலையிலேயே செய்து ஷோரூமில் வைத்து விற்ற நாடு நம்முடையது. 1955-ல் சென்னை திருவொற்றியூரில் வேர்விட்ட என்ஃபீல்டு நிறுவனம், 1990-களில் 'டாரஸ்' என்ற டீசல் புல்லட்டை விற்றது. 325 சி.சி. கிரீவ்ஸ் லொம்பார்தினி என்ஜின், 6.5 குதிரைத்திறன். மணிக்கு 65 கி.மீ. தொட்டால் அதுவே பெரிது. ஆனால் லிட்டருக்கு 70 கி.மீ.க்குக் குறையாமல் ஓடியதால் பால்காரர்களும் கிராமத்து வியாபாரிகளும் அதைக் கொண்டாடினார்கள். கம்பெனி செய்வதற்கு முன்பே வட இந்தியப் பட்டறைகளில் பம்ப் செட் என்ஜினைத் தூக்கிப் புல்லட்டில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

வெளிநாட்டிலும் இந்த ஆசை உண்டு. ஜெர்மனியில் இதே புல்லட் ஃபிரேமில் 462 சி.சி. ஹாட்ஸ் என்ஜினை வைத்து 'சொம்மர்' என்ற பெயரில் செய்தார்கள். நெதர்லாந்தில் மூன்று சிலிண்டர் டர்போ கார் என்ஜினை வைத்து 'ட்ராக் டி-800' என்ற பெரிய பைக்கே வந்தது. அமெரிக்க மரைன் படைக்காகக் கவாசாகி கே.எல்.ஆர். 650-ஐ அடிப்படையாக வைத்து டீசல் பைக் செய்தார்கள். லாரிக்கும் பைக்கும் ஒரே எரிபொருள் போதும் என்பதுதான் அதற்குக் காரணம்.

ஒரு மனிதர், ஒரு லேத் பட்டறை, ஒரு வெல்டிங் மெஷின் என்ற அளவில் செய்யக்கூடியது புல்லட் ஃபிரேம்தான். கியர்பாக்ஸ் தனிப் பெட்டியாகக் கழன்றுவரும், ஸ்ப்ராக்கெட்டுகள் (செயின் ஓடும் பல் சக்கரங்கள்) கடையில் கிடைக்கும், ஃபிரேமும் இரும்பு. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றியதுதான். பெரும்பாலானவர்கள் என்ஜினை உட்காரவைக்கும் பிளேட்டிலும் பல் கணக்கிலும்தான் தோற்கிறார்கள். அந்த இரண்டு இடங்களில் மெதுவாகப் போவேன்.

முதலில் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. பெட்ரோல் என்று பதிவான புல்லட்டில் நீங்களே டீசல் என்ஜினை வைத்துச் சாலையில் ஓட்டினால் அது சட்ட மீறல். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸும் கைவிடும். இதில் மழுப்ப எதுவும் இல்லை.

நேர்மையான வழிகள் இரண்டு. ஆர்.சி.யில் டீசல் என்றே எழுதப்பட்ட பழைய டாரஸ் கிடைத்தால், அதே வகை என்ஜினை வைத்துப் புதுப்பிக்கலாம். அப்போதும் என்ஜின் நம்பர் மாறினால் ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும். இல்லையென்றால் தோட்டம், பண்ணை, தனியார் நிலம், கண்காட்சி என்று சாலைக்கு வராத வண்டியாகக் கட்டலாம். கீழே சொல்வது இந்த இரண்டாவது வகைக்கு. வேகக் கணக்கைச் சாலை வண்டிக்குப் போடுவது போலவே போட்டிருக்கிறேன், கணக்கு எங்கும் ஒன்றுதான். பிரிட்டன் போன்ற நாடுகளில் என்ஜின் மாற்றத்தைத் தெரிவித்து ஆவணத்தில் ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அங்கே இருக்கும் தமிழ் வாசகர்கள் தங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: என்ஜினைத் தேர்ந்தெடுப்பது

நமக்கு வேண்டியது காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் தொழிற்சாலை என்ஜின். யான்மார் எல் வரிசையும், அதன் அமைப்பைப் பின்பற்றிய '186 எஃப்' என்ற சீன என்ஜினும் இதற்குப் பேர்போனவை. 186 எஃப்-இன் போர் (சிலிண்டர் விட்டம்) 86 மி.மீ.; ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 72 மி.மீ. என்றால் 418 சி.சி., 70 மி.மீ. என்றால் 406 சி.சி. எடை 50 கிலோவை ஒட்டி வரும். நிமிடத்துக்கு 3600 சுற்றில் ஏறக்குறைய 9 குதிரைத்திறன், அதாவது 6.6 கிலோவாட். கம்ப்ரஷன் விகிதம் 19-க்கு 1.

தண்ணீரில் குளிரும் இரட்டை சிலிண்டர் வேண்டுமென்றால் குபோட்டா இசட் 482 இருக்கிறது, 479 சி.சி. வழவழப்பாக ஓடும். ஆனால் ரேடியேட்டர், குழாய், விசிறி என்று வேலை இரண்டு மடங்கு. முதல் வண்டிக்கு ஒற்றை சிலிண்டரே நல்லது.

வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். ஷாஃப்ட் 25 மி.மீ. நேர் ஷாஃப்டா, கீ (ஷாஃப்டையும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் சிறு இரும்புத் துண்டு) வைக்கும் காடி உள்ளதா? ஜெனரேட்டருக்கென்று வரும் கூம்பு ஷாஃப்ட் என்றால் லேத் வேலை கூடும். இரண்டாவது, சக்தி கிராங்கிலிருந்து (பிஸ்டன் சுற்றும் முக்கியத் தண்டு) நேரே வருகிறதா, கேம் ஷாஃப்டிலிருந்து (வால்வுகளை இயக்கும் தண்டு) வருகிறதா? கேம் வழி வரும் மாடல் 1800 சுற்றுதான் தரும், நம் பல் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். மூன்றாவது, செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதா? இல்லாததை வாங்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

வாங்கி வந்த என்ஜினை உடனே ஃபிரேமில் ஏற்ற வேண்டாம். ஒரு மரச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கி, ஆயில் ஊற்றி, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். புகை, கசிவு, சத்தம் எல்லாம் தரையிலேயே தெரிந்துவிடும்.

படி 2: எந்தப் பக்கம் சுற்றுகிறது?

இதைப் பார்க்காமல் பிளேட் வெட்டியவர்கள் உண்டு. பைக்குக்கு இடப்பக்கம் நின்று பாருங்கள். வண்டி இடப்புறமாக நகர்கிறது, சக்கரம் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. புல்லட்டில் பிரைமரி செயினும் (என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போவது) பின் செயினும் இடப்பக்கத்தில் இருக்கின்றன, நடுவில் திசை எங்கும் தலைகீழாவதில்லை. ஆகவே என்ஜினும் இடப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது அதே எதிர்த் திசையில் சுற்ற வேண்டும்.

நல்ல வேளையாக, இந்த வகை என்ஜின்கள் சக்தி வெளிவரும் ஷாஃப்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்த் திசையில்தான் சுற்றுகின்றன. ஷாஃப்டை இடப்பக்கம் வைத்தால் போதும், எல்லாம் பொருந்தும். ஆனாலும் கயிற்றை மெதுவாக இழுத்துக் கண்ணால் பார்த்து, ஷாஃப்ட் நுனியில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள். ஃப்ளைவீலும் குளிர்விக்கும் விசிறியும் வலப்பக்கம் வந்துவிடும். பழைய புல்லட்டில் கியர் மிதி வலப்பக்கம் என்பதால் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பிளேட், இந்த வண்டியின் முதுகெலும்பு

பழைய புல்லட்டின் ஃபிரேம் முழு வளையம் கிடையாது. முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் பாதியில் நின்றுவிடும். அங்கிருந்து பின்பகுதி வரை ஃபிரேமை இணைப்பது என்ஜினின் கீழ்க்கூடான கிராங்க்கேஸ்தான். கியர்பாக்ஸும் ஃபிரேமில் தனியாக உட்காருவதில்லை, என்ஜினின் முதுகோடு நேரடியாகப் போல்ட் போடப்பட்டிருக்கிறது. பெட்ரோல் என்ஜினைக் கழற்றியவுடன் ஃபிரேமும் திறந்துகொள்கிறது, கியர்பாக்ஸுக்கும் பிடிமானம் போய்விடுகிறது.

டீசல் என்ஜினோ தரையில் உட்காரப் பிறந்தது. அடியில் நான்கு துளை, அவ்வளவுதான். ஃபிரேமின் இழுவையைத் தாங்க அதன் அலுமினிய உடம்பு செய்யப்படவில்லை. அதனால் வேலை இரண்டு: ஃபிரேமை மூட ஒரு தொட்டில், என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே உடம்பாகப் பிடிக்க ஒரு பிளேட்.

தொட்டிலுக்கு 25 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவர்த் தடிப்பும் உள்ள இரும்புக் குழாய் இரண்டு. முன் குழாயின் அடியிலிருந்து என்ஜினுக்குக் கீழாகப் போய், பின்பக்க ஃபிரேம் லக்கில் (போல்ட் துளையுள்ள காது) போல்ட்டால் சேர வேண்டும். குறுக்கே இரண்டு பட்டை. இந்தத் தொட்டில் பழைய போல்ட் துளைகளில் பொருந்தும்படி இருக்கட்டும். மூல ஃபிரேமில் வெட்டவோ பற்றவைக்கவோ வேண்டாம். என்றாவது பெட்ரோல் என்ஜினைத் திரும்ப வைக்க நினைத்தால் அந்த நல்லெண்ணம் உதவும்.

பிளேட்டுக்கு 10 மி.மீ. இரும்புத் தகடு. கியர்பாக்ஸின் முன்முகத்தில் உள்ள போல்ட் அமைப்பை முதலில் அட்டையில் எடுங்கள். மையை அந்த முகத்தில் தடவி அட்டையை அழுத்தினால் துளைகள் அச்சாக விழும். அந்த அட்டையை வைத்து வெட்டும் செங்குத்துப் பிளேட், என்ஜின் உட்காரும் படுக்கைப் பிளேட், இரண்டையும் சேர்க்கும் முக்கோணத் தாங்கிகள் பக்கத்துக்கு ஒன்று. இந்த மூன்றும் சேர்ந்து எல் வடிவ நாற்காலி போல வரும். நாற்காலியில் என்ஜின் உட்காரும், முதுகில் கியர்பாக்ஸ் தொங்கும், நாற்காலி தொட்டிலில் இறங்கும்.

இங்கே ஒரு கேள்வி எல்லோருக்கும் வரும்: அதிர்வுக்கு ரப்பர் வைக்கலாமா? என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வைக்கவே கூடாது. அவற்றை ஒரு செயின் இணைக்கிறது, நடுவே ரப்பர் நெளிந்தால் செயின் ஒவ்வொரு வெடிப்புக்கும் இறுகித் தளரும். இரண்டையும் கல்லாகக் கட்டுங்கள். ரப்பரை ஃபுட்ரெஸ்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் டேங்க் தாங்கிக்கும் வையுங்கள்.

என் முதல் பிளேட்டில் முக்கோணத் தாங்கியைப் பக்கத்துக்கு ஒன்றாக வைக்காமல் ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். இடம் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 300 கி.மீ. கூட ஆகவில்லை, மூலையில் தலைமுடி போல ஒரு விரிசல். அந்த வண்டி கடைசியாக ஒரு தென்னந்தோப்பு வரப்பில் நின்றது, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். இரண்டாவது பிளேட்டில் இரு பக்கமும் தாங்கி வைத்தேன், உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைவாக அரைத்தேன். விரிசல் எப்போதும் கூர்மூலையில்தான் பிறக்கிறது.

வெல்டிங் செய்யும்போது என்ஜினை வைத்தே புள்ளி புள்ளியாகப் பிடித்துவிட்டு, என்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றிய பிறகே முழுதாகப் பற்றவையுங்கள். கரன்ட் பேரிங் வழியாகப் போனால் அந்தப் பேரிங் அதோடு சரி. என்ஜின் தலையிலிருந்து மேல் குழாய்க்கு ஒரு தாங்கிப் பட்டையும் கட்டாயம். எல்லா நட்டும் நைலாக் நட்டாக இருக்கட்டும், அல்லது மரையைப் பூட்டும் பசை போடுங்கள்.

படி 4: பிரைமரி செயின்

புல்லட்டின் மூல என்ஜின் ஸ்ப்ராக்கெட்டை டீசல் ஷாஃப்டுக்கு மாற்றப் பற்றவைக்காதீர்கள், கடினமாக்கிய பல் சூட்டில் கெட்டுவிடும். அதே பிட்ச் (பல் இடைவெளி), அதே பல் எண்ணிக்கையில் நடுத்துளை சிறிதாக உள்ள ஸ்ப்ராக்கெட் செயின் கடைகளில் கிடைக்கும். அதை லேத்தில் 25 மி.மீ.க்குப் போர் செய்து கீ வெட்டச் சொல்லுங்கள். கீ தளராமல் பொருந்த வேண்டும், நுனியில் ஒரு போல்ட்டும் தடித்த வாஷரும் வேண்டும். ஒற்றை சிலிண்டர் டீசலில் விசை ஒரே சீராக வராது, சுத்தியலடி போல வரும். கீ கொஞ்சம் ஆடினாலும் ஒரு வாரத்தில் காடியைத் தின்றுவிடும்.

ஸ்ப்ராக்கெட்டை என்ஜின் பேரிங்கை எவ்வளவு ஒட்டி வைக்க முடியுமோ அவ்வளவு ஒட்டி வையுங்கள். ஷாஃப்ட் நுனியில் தொங்கினால் அந்த இழுவை பேரிங்கை நெம்பும். என்ஜின் ஸ்ப்ராக்கெட்டும் கிளட்ச் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அரை மி.மீ.க்கு மேல் விலகல் இருந்தால் ஷிம் என்ற மெல்லிய தகடு போட்டுச் சரிசெய்யுங்கள். கியர்பாக்ஸ் பிளேட்டோடு இறுகிவிட்டதால் அதை நகர்த்தி செயினை இழுக்க முடியாது. செயினுக்கு அடியில் ஒரு தள்ளும் பட்டை வைத்துத்தான் தளர்வைச் சரிசெய்ய வேண்டும்.

மூலச் செயின் மூடி புது என்ஜினுக்குப் பொருந்தாது. சிலர் பல் பெல்ட் போட்டுத் திறந்து ஓட்டுவார்கள், பெல்ட் அந்தச் சுத்தியலடியைக் கொஞ்சம் மென்மையாக்கும். எதைப் போட்டாலும் மேலே தகட்டு மூடி இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். வேட்டி நுனியோ ஷூ கயிறோ ஒரு நொடி போதும்.

படி 5: பல் கணக்கு

பெட்ரோல் புல்லட் 350-இன் சக்தி 18 குதிரை, அது 5600 சுற்றைத் தாண்டி வரும். நம் டீசல் 3600-ல் நின்றுவிடும், அதற்கு மேல் கவர்னர் (சுற்றுக்கு ஏற்ப டீசலை அளந்து கொடுக்கும் அமைப்பு) விடாது. ஆகவே முழு வேகத்தையும் இந்த 3600-க்குள் பிரித்துக்கொள்ள வேண்டும்.

என் வண்டியின் எண்கள் இவை, உங்களுடையதை நீங்களே எண்ணிப் பாருங்கள். என்ஜின் ஸ்ப்ராக்கெட் 25 பல், கிளட்ச் 56 பல், ஆகவே பிரைமரி விகிதம் 2.24. நான்கு கியர் பெட்டியின் விகிதங்கள் 2.78, 1.84, 1.36, 1. கியர்பாக்ஸ் வெளி ஸ்ப்ராக்கெட் 16 பல், பின்சக்கரம் 38 பல், விகிதம் 2.375. டாப் கியரில் மொத்தம் 2.24 × 2.375 = 5.32. பின் டயர் 3.25 × 19, ஆள் உட்கார்ந்த நிலையில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர்.

3600-ஐ 5.32-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 677 சுற்று. 2 மீட்டரால் பெருக்கி, மணிக்கணக்காக்கினால் 81 கி.மீ. மற்ற கியர்களில் உச்சம் 60, 44, 29.

ஆசை இங்கேதான் தொடங்கும். வெளி ஸ்ப்ராக்கெட்டை 18 பல்லாக்கினால் காகிதத்தில் 91 கி.மீ. வரும். ஆனால் என்ஜின் தர வேண்டிய சக்தி என்ன? நிமிர்ந்து உட்கார்ந்த ஒருவரோடு, வண்டியும் ஆளும் 270 கிலோ என்று வைத்து, காற்று எதிர்ப்பையும் டயர் உருளும் எதிர்ப்பையும் செயின் இழப்பையும் கூட்டினால் 81 கி.மீ.க்கு 5.5 கிலோவாட் வேண்டும். 86-க்கு 6.5. 91-க்கு 7.4. நம்மிடம் இருப்பது 6.6! ஆக 18 பல்லில் அந்த 91 ஒருநாளும் வராது. லேசான எதிர்க்காற்றிலேயே நான்காவது கியர் திணறிக் கரும்புகை விடும், நீங்கள் மூன்றாவதிலேயே வாழ வேண்டியிருக்கும். 17 பல் போட்டால் 86 கி.மீ., அதுதான் எல்லை, அதுவும் சமதரையில் தனியாகப் போகும்போது. பின்னால் ஆளோ மூட்டையோ ஏறும் என்றால் 16-ஐ மாற்றாதீர்கள். நான் 16-லேயே ஓட்டுகிறேன்.

கியர் மாற்றும்போது சுற்று எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். மூன்றாவதில் 3600 வரை போய் நான்காவதுக்கு மாறினால் சுற்று 2650-க்கு இறங்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாறினால் 2380. டீசலின் இழுவை இந்த இடத்தில் நன்றாக இருப்பதால் நான்கு கியரே போதுமானதாக இருக்கிறது.

மைலேஜையும் இதே கணக்கால் முன்கூட்டிச் சொல்லலாம். 50 கி.மீ. வேகத்தில் 1.8 கிலோவாட்தான் தேவை; லிட்டருக்கு 70 கி.மீ.யை எதிர்பார்க்கலாம். 80-ல் ஓட்டினால் அது 50-க்கு அருகே இறங்கிவிடும்.

படி 6: எரிபொருள் வழி

என்ஜினோடு வரும் சின்ன டேங்க்கைக் கழற்றிவிட்டு புல்லட் டேங்க்கையே பயன்படுத்தலாம். உள்ளே உள்ள துருவை முழுவதும் நீக்குங்கள். கார்புரேட்டர் ஒரு துணுக்குத் துருவை மன்னிக்கும், டீசல் பம்ப் மன்னிக்காது. டேங்க்கிலிருந்து டேப், டேப்பிலிருந்து பேப்பர் ஃபில்டர், அங்கிருந்து பம்ப். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலிலிருந்து மிஞ்சும் டீசல் திரும்பிவர டேங்க்கின் மேல்பகுதியில் ஒரு சிறு குழாய் பொருத்த வேண்டும். மூடியில் காற்றுத் துளை அடைபடாமல் இருக்கட்டும். டேங்க்கில் பற்றவைக்கும் வேலையை அதில் அனுபவம் உள்ளவரிடமே கொடுங்கள். பெட்ரோல் ஆவி மிஞ்சிய டேங்க் வெடிக்கும்.

குழாய் இணைப்புகளைப் பின் டயருக்கு நேர் மேலே வைக்காதீர்கள். பெட்ரோல் சொட்டினால் காய்ந்துவிடும். டீசல் டயரில் எண்ணெயாக நிற்கும், வளைவில் ஆளைச் சாய்த்துவிடும்.

டீசல் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றுவது இப்படி: பம்ப்புக்கு வரும் போல்ட்டைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை டீசலை ஒழுகவிட்டு இறுக்குங்கள். பிறகு நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி, டிகம்ப்ரஷரை (வால்வைத் திறந்துபிடித்துச் சிலிண்டர் அழுத்தத்தை விடும் லீவர்) அழுத்திப் பிடித்து என்ஜினைச் சுற்றுங்கள். டீசல் துள்ளி வந்ததும் இறுக்கலாம். நாசில் தெளிப்பைச் சோதிக்கும்போது எதிரே கை காட்டக் கூடாது. சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 200 கிலோ அழுத்தத்தில் வரும் அந்தத் தூறல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது மருத்துவமனை விஷயம்.

படி 7: ஆக்சிலேட்டரும் நிறுத்தும் வழிகளும்

பெட்ரோல் பைக்கில் நாம் திருகுவது காற்றை. இங்கே இருப்பது கவர்னர். லீவரை எங்கே வைக்கிறீர்களோ அந்தச் சுற்றைக் காப்பாற்றத் தேவையான டீசலை அதுவே கொடுக்கும். மேடு வந்தால் கையைத் திருகாமலே என்ஜின் மூச்சைப் பிடித்து இழுக்கும். முதல் தடவை ஓட்டுபவருக்கு இது விசித்திரமாக இருக்கும், அப்புறம் மிகவும் பிடித்துப்போகும்.

வேகம் கிடைக்கும் என்று சிலர் கவர்னரைக் கழற்றிவிட்டுக் கேபிளை நேராக ரேக்கில் (பம்ப்பின் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) மாட்டுவார்கள். செய்யாதீர்கள். சுமை விடுபட்ட நொடியில் டீசல் என்ஜின் தன்னைத் தானே கிழித்துக்கொள்ளும் அளவு சுற்றும். கேபிளைக் கவர்னரின் வேக லீவரில் மாட்டுங்கள். அந்த லீவர் ஜெனரேட்டருக்கென்று வைத்த இடத்திலேயே நிற்கும்படி ஓர் உராய்வு நட்டோடு வரும். அதைத் தளர்த்தி, வலுவான ஸ்பிரிங் போட்டு, கையை விட்டதும் ஐடிலுக்கு (சும்மா ஓடும் குறைந்த சுற்றுக்கு) திரும்பும்படி செய்யுங்கள். ஐடில் 1200 சுற்று. முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டால் மணிக்கு 10 கி.மீ.யில் தானாக நகரும்.

நிறுத்த மூன்று தனித்தனி வழிகள் வையுங்கள். ஒன்று, டீசலைத் துண்டிக்கும் லீவருக்கு ஹேண்டில்பாரில் ஒரு கேபிள். இரண்டு, டிகம்ப்ரஷர். மூன்று, காற்று வரும் வழியை அடைக்கும் தகட்டுக் கதவு. மூன்றாவதை வீண் என்று நினைக்காதீர்கள். வண்டி சாய்ந்து விழும்போது சம்ப்பில் (என்ஜினின் அடிப்பகுதியில்) உள்ள ஆயில் காற்றுக்குழாய்க்குள் போனால், டீசலை நிறுத்திய பிறகும் என்ஜின் அந்த ஆயிலைக் குடித்து ஓடும். அப்போது காற்றை அடைப்பது ஒன்றே வழி.

படி 8: ஸ்டார்ட், மின்சாரம், காற்று, புகை

19 மடங்கு கம்ப்ரஷனைக் கிக்கரால் உதைத்துத் தாண்ட முடியும், டாரஸ்காரர்கள் டிகம்ப்ரஷரைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் செய்தார்கள். ஆனால் பின்னடி கொடுத்தால் கணுக்கால் தாங்காது. செல்ஃப் மோட்டாரும் 30 ஆம்பியர்-மணிக்குக் குறையாத 12 வோல்ட் பேட்டரியும் போடுங்கள். ஃப்ளைவீலுக்கு அடியில் உள்ள சார்ஜிங் காயில் சிறியது, அதனால் ஹெட்லைட் உட்பட எல்லாம் எல்.இ.டி.யாக இருக்கட்டும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு வரும் வயரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஏர் ஃபில்டர் பெரியதாக இருக்க வேண்டும், தோட்டப் புழுதிக்கு ஆயில் குளியல் வகை நல்லது. விசிறி ஊதும் சூடான காற்று உங்கள் முழங்காலில் படாமல் ஒரு தகடு வளைத்துவிடுங்கள். சைலன்சர் புல்லட்டுடையதே போதும்.

படி 9: பிரேக்

பாதி சக்திதானே என்று பிரேக்கை விட்டுவிடுவார்கள். எடை முன்னால் கூடியிருக்கிறது. பழைய 350-இன் 6 அங்குல முன் டிரம்முக்குப் பதிலாக 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ டிரம் அல்லது டிஸ்க் போடுங்கள். முன் ஃபோர்க் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

படி 10: முதல் ஓட்டமும் முதல் வாரமும்

நல்ல 15 டபிள்யூ 40 டீசல் ஆயில் 1.65 லிட்டர். வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.15 மி.மீ. கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில், அதை மறந்து ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்று நிறுத்தும் வழிகளையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள், மூன்றும் வேலை செய்தால்தான் தரையில் இறக்க வேண்டும். பிறகு முதல் கியரில் கொஞ்ச தூரம், பிரேக், திரும்ப. அன்றைக்கு அது போதும்.

முதல் 20 மணி நேரத்துக்குப் பாதித் திருகலுக்கு மேல் போகாதீர்கள், அதற்கப்புறம் ஆயிலை மாற்றுங்கள். பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு சிறிய மணி மீட்டர் வாங்கி மாட்டிக்கொண்டால் இந்தக் கணக்கு எளிது.

ஓட்டும் பழக்கமும் மாற வேண்டும். கிளட்ச் பிடித்த உடனே சுற்று சட்டென்று விழாது, கனமான ஃப்ளைவீல் மெதுவாகத்தான் இறங்கும். அதற்கு நேரம் கொடுத்துக் கியரை மாற்றுங்கள், அவசரப்பட்டால் பெட்டி கடகடவென்று சண்டை போடும். இறக்கத்தில் என்ஜினே நல்ல பிரேக்.

முதல் 50 கி.மீ. முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள், அப்புறம் 200-ல், 500-ல். ஒவ்வொரு முறையும் பிளேட்டின் மூலைகளை டீசலில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, சாக்பீஸ் பொடி பூசிப் பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த டீசல் கசிந்து அந்த வெள்ளைப் பொடியில் மெல்லிய ஈரக்கோடு விழும். கோடு தெரிந்தால் அன்றைக்கே வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி என்ஜினைக் கழற்றுங்கள்.